ஆயிரத்து நூற்று நாற்பது சீனப் பிள்ளைகளும் உங்கள் தங்கையும்

சிவமயம்

வெஸ்ட்லி, ஒஸ்லோ
12.03.2025

பெருமதிப்புக்குரிய மச்சான் விசாகரத்தினம் அவர்களுக்கு,

வெஸ்ட்லியில் இருந்து தில்லைநாதன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையால் நானும் உங்கள் தங்கை சத்தியபாமாவும் ஒரே வீட்டில், தனித்தனியாக, சுகமாக இருக்கிறோம். ஸ்காபரோவில் நீங்களும் குடும்பத்தாரும் ஒன்றாகவே சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனிதன் ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். குரல் செய்தி அனுப்பினால் அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்கும். அதோடு கடிதம் என்றால் நீங்கள் இடையில் குறுக்கிட முடியாது.

விஷயம் இதுதான். தை மாதம் எங்கள் மகன் மதுரன் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிபூரல் வைத்தது உங்களுக்குத் தெரியும். நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் அவன் எழும்பி, "அம்மா, கீழ்த்தளத்திலை உங்களுக்கும் அப்பாவுக்கும் தனி வீடு கிடக்கு, வந்திருங்கோ" என்றான். உங்கள் தங்கை "ஓம்" என்றார். அவ்வளவுதான். என் வாயில் அப்போது வடை இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் முப்பது வருடம் நான் வாழ்ந்த வெஸ்ட்லி பறிபோய்விட்டது. இங்கே எனக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, மச்சான். அரசாங்கக் கடிதம் வந்தால் நாலு தமிழ்க் குடும்பம் என்னிடம்தான் கொண்டுவருகிறது. லோறென்ஸ்கூக்கில் எனக்குக் கிடைக்கப்போகும் பதவி, மகனின் காலுக்குக் கீழே குடியிருப்பவன். நான் மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து இன்றோடு நாற்பத்தாறு நாட்கள், இடையில் ஒரு ரயில் பயணத்தைத் தவிர, நாங்கள் நேரடியாகக் கதைக்கவில்லை. அவர் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து, "சோறு ஆறுது" என்பார். நான் ஜன்னலைப் பார்த்து, "பசிக்கேல்லை" என்பேன். குளிர்சாதனப் பெட்டியும் ஜன்னலும் மிகவும் ஒற்றுமையாக இருக்கின்றன.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்குள்தான் சீனா நுழைந்தது. என் அண்ணரின் மகள் கம்சிகாவை உங்களுக்கு நினைவிருக்கும். அவள் வேலை செய்யும் இடத்தில் சீன உயர்தரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பரீட்சை தயாரிக்கிறார்கள். ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதுவது ஒரு பகுதி, பந்தியை வாசித்து விடை எழுதுவது மற்றது. சீனப் பிள்ளைகளின் ஆங்கிலத்தை ஒஸ்லோவில் இருந்து ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன், அவளுக்கும் தெரியாது. உலகத்தில் பல நாட்டவர் பேசும் ஆங்கிலம் பிள்ளைகளுக்குப் பழக வேண்டுமாம், அதற்கு வயதான ஓர் ஆணும் பெண்ணும் தேவையாம். "சித்தப்பா, நீங்களும் சித்தியும் வாங்கோ. சும்மா ஒரு ப்ரோவதான், பயப்பிடாதேங்கோ" என்றாள். பரீட்சையை நோர்வேஜிய மொழியில் அப்படிச் சொல்கிறாள். நான் பயப்படுவதா? கரவெட்டியில் இரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். உங்கள் தங்கையைத்தான் கூப்பிடாதே என்றேன், அவருக்கு ஆங்கிலம் வராது. அதற்குள் அவர் சமையலறையில் இருந்து கேத்தலைப் பார்த்து, "நான் வாறன்" என்றார்.

போனோம். ரயிலில் அவர் முதல் பெட்டியில், நான் கடைசிப் பெட்டியில். எம்மா என்றொரு நோர்வேஜியப் பெண்தான் ஒலிப்பதிவுக்குப் பொறுப்பு. முப்பது வயது இருக்கும், மிகவும் மரியாதையான பிள்ளை. என் குரலைப் பரிசோதித்துவிட்டு, "மிகத் தெளிவு, பழைய காலத்து வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறது" என்றாள். நான் நன்றி சொன்னேன். அது பாராட்டு இல்லை என்று கம்சிகா பிறகு விளக்கினாள். உங்கள் தங்கை பேசியதும் எம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழும்பி நின்றுவிட்டாள். "எவ்வளவு இயல்பு!" முப்பது வருடம் நோர்வேஜியக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தவர், மூன்று மொழியையும் கலந்து ஒரு ஆங்கிலம் பேசுகிறார். அதுதான் இயல்பாம். இலக்கணம் படித்தவன் செயற்கை.

எங்களுக்குத் தந்த உரையாடல் ஒரு குடைக் கடை. நான் கடைக்காரன், அவர் வாடிக்கையாளர். போன கிழமை வாங்கிய குடை விரியவில்லை என்று அவர் சொல்ல வேண்டும். எப்படித் திறப்பதென்று எழுதியிருந்ததை வாசித்தீர்களா என்று நான் கேட்க வேண்டும். வாசித்தேன், போன கிழமையும் உங்களிடம் சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை என்று அவர் சொல்ல வேண்டும். பிறகு நான் மன்னிப்புக் கேட்டு வேறு குடை தருவதாகச் சொல்ல வேண்டும். எட்டு வரி. இதை எழுதிய மனிதருக்கு எங்களைத் தெரியாது, மச்சான், அது சத்தியம். சண்டை தொடங்கிப் பதினாறு நாளுக்குப் பிறகு உங்கள் தங்கை என் முகத்தை நேராகப் பார்த்து, ஆங்கிலத்தில், "போன கிழமையும் உங்களிடம் சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை" என்றார். அடுத்தது மன்னிப்பு. அந்த ஒரு வரியைப் பதினொரு தடவை பதிவு செய்தார்கள். "தில்லைநாதன், நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்மேல் வழக்குப் போடுவது மாதிரி இருக்கிறது" என்று எம்மா ஹெட்போன் வழியாகக் காதுக்குள் சொன்னாள். பன்னிரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதை, போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒலிப்பதிவில் போன மானத்தை வாசிப்பில் மீட்கலாம் என்று நினைத்தேன். வாசிப்புப் பகுதிக்கு உண்மை வாழ்க்கையில் இருந்து ஒரு பந்தி தேவை என்று எம்மா சொன்னதும், நான் தருகிறேன் என்றேன். எண்பத்தேழில் நோர்வேயின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து, சூரியனே எட்டிப் பார்க்காத மாதங்களில் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்த கதை. இரண்டு நாள் இருந்து எழுதினேன், ஒரு இலக்கணப் பிழை இல்லை. "இந்தப் பந்திக்குப் பொருத்தமான தலைப்பு எது?" என்பதுதான் கேள்வி. 'வடக்கை வென்ற மனிதன்' என்பது சரியான விடை என்று நானே குறித்தும் கொடுத்தேன். மற்ற மூன்றும் பிள்ளைகளை ஏமாற்ற எம்மா போட்டவை.

பிறகு இதைச் சீனாவில் ஒரு நகரத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஏ.எல். மாதிரி ஒரு பெரிய பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், பதினாறு பதினேழு வயது. போன வெள்ளிக்கிழமை எம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு முடிவுகளைக் காட்டினாள். முகம் சிவந்திருந்தது. கம்சிகா பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்தாள்.

முதலில் என் பந்தி. தொள்ளாயிரத்து அறுபத்தேழு பிள்ளைகள் தெரிவு செய்த தலைப்பு, 'குடும்பத்தைத் தாங்கிய பெண்'. நான் சிரித்தேன். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை, இன்னும் படிப்பிக்க வேண்டும் என்றேன். எம்மா என் பந்தியை எனக்கு முன்னால் வைத்தாள். பன்னிரண்டு வசனம். உங்கள் தங்கை வந்து எட்டு மாதத்தில் மொழி படித்தார், முதலாளியிடம் எனக்காகக் கதைத்தார், வீடு பிடித்தார், மகனைப் பெற்று நாற்பதாம் நாள் வேலைக்குப் போனார் என்று ஒன்பது வசனம் அவரைப் பற்றித்தான் இருந்தது. மிச்சம் மூன்றில் நான் குளிர்ந்தேன். எழுதும்போது இது எனக்குத் தெரியவில்லை, மச்சான்.

அடுத்தது குடைக் கடை. "பேசும் இருவருக்கும் என்ன உறவு?" கடைக்காரரும் வாடிக்கையாளரும் என்பது சரியான விடை. தொள்ளாயிரத்து மூன்று பேர் கணவனும் மனைவியும் என்று எழுதியிருக்கிறார்கள். "ஆண் அடுத்து என்ன செய்வார்?" புதிய குடை தருவார் என்பது விடை. பெரும்பாலானோர் எழுதியது, தொடர்ந்து வாதாடுவார். கடைசிக் கேள்வி, "பெண்ணின் மனநிலை என்ன?" கோபம், உற்சாகம், களைப்பு என்று மூன்று. கோபம்தான் சரி, குடை விரியவில்லையே. எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் களைப்பு என்று போட்டிருந்தார்கள்.

"நாங்களும் திரும்பப் போட்டுக் கேட்டோம்" என்று எம்மா மெதுவாகச் சொன்னாள். "பிள்ளைகள் சொல்வதுதான் சரி. சீனாவில் இருந்தும் ஒலிப்பதிவை மாற்ற வேண்டாம், விடைகளை மாற்றுங்கள் என்கிறார்கள்."

நான் வாதாடினேன். தாளில் கடை என்று எழுதியிருக்கும்போது அது கடைதானே? எம்மா அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள். நான் என் குரலைத்தான் கேட்கப் போனேன். கேட்டது அவருடைய குரலை. குடை விரியவில்லை என்று சொல்லும்போது நடுவில் ஒரு மூச்சு எடுக்கிறார். மலை ஏறி வந்தவர் எடுக்கிற மூச்சு. நாற்பது வருடம் பக்கத்தில் இருந்து கேட்கிற மூச்சு, இவ்வளவு நாளும் என் காதில் ஒரு சத்தமாகக்கூட விழவில்லை. உங்கள் தங்கை கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு தமிழில், யாருக்கென்றும் இல்லாமல், "அந்தப் பிள்ளையளுக்கு நல்ல காது" என்றார்.

திரும்பி வரும்போது ஒரே பெட்டியில் ஏறினோம். மற்றப் பெட்டிகளில் கூட்டம், வேறு காரணம் தேட வேண்டாம். கொஞ்சத் தூரம் போனதும் நான் கேட்டேன்.

"களைப்பே?"

"லிப்ட் பழுதாப் போய் எவ்வளவு நாள்?"

"ரண்டு கிழமை இருக்கும்."

"மூண்டு மாசம். அஞ்சாம் மாடி. அரிசியும் பாலும் ஆர் தூக்கிறது?"

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான். முழங்கால் ஏலாது எண்டு டொக்டருக்கு நோர்வேஜியனிலை சொன்னனான், உங்களுக்குத் தமிழிலை சொன்னனான். இங்கிலீசிலை மட்டும்தான் சொல்லேல்லை. அதிலையும் சொன்னாப்பிறகு சீனாவிலை ஆருக்கோ விளங்கிப்போச்சு."

வெஸ்ட்லியில் இறங்கியதும் அவர் கடைக்குள் போனார், பின்னால் நானும். அன்று சாமான் பையை நான் வாங்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறினேன். மூன்றாம் மாடியில் ஒரு தடவை நின்றேன், காட்சி பார்க்க. அங்கே பார்ப்பதற்குச் சுவர்தான் இருக்கிறது.

ஆனாலும் மச்சான், நியாயம் நியாயம்தான். முழங்கால் வேறு, கொள்கை வேறு. நாற்பது பேருக்கு முன்னால் ஒரு மனைவி கணவனைக் கேட்காமல் "ஓம்" சொல்லலாமா? லிப்ட் என்றோ ஒருநாள் திருத்துவார்கள். லோறென்ஸ்கூக்கில் நான் கால் வைக்கமாட்டேன். ஆகவே மூத்த சகோதரன் என்ற முறையில் நீங்கள் தொலைபேசி எடுத்து உங்கள் தங்கைக்கு நாலு வார்த்தை உறைக்கச் சொல்ல வேண்டும். உங்கள் சொல்லை அவர் தட்டமாட்டார். நான் எழுதியது என்று மட்டும் சொல்ல வேண்டாம். சீனாவில் உள்ளவர்களுக்கு எங்கள் குடும்ப நிலவரம் தெரிந்தது போதும், கனடாவும் தெரியாதது மாதிரியே இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல காதையும் கடவுள் கொடுக்கட்டும், பெரியவர்களிடம் அதைப் பிரயோகிக்காமல் இருக்கும் புத்தியையும் சேர்த்து.

இப்படிக்கு,
நியாயத்தின் பக்கம் நிற்கும்,
தில்லைநாதன்

பி.கு.: வெள்ளிக்கிழமை. இதைத் தபாலில் போடப் போனனான், மச்சான். தரிப்பிடத்திலை லோறென்ஸ்கூக் பக்கம் போற பஸ் நிண்டது. ஏறினன். ஏன் எண்டு கேளாதேங்கோ. மதுரன் வீட்டிலை இல்லை, மருமகள்தான் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்டவ. வாசலிலை ஒரு படிகூட இல்லை. நான் குனிஞ்சு பார்த்தனான். சமையலறை ஜன்னலாலை வெயில் வருது, அவ அதிலை ஒரு கதிரை போட்டு இருக்கலாம். சுவருக்கு என்ன நிறம் அடிக்கிறது எண்டு மருமகள் கேக்க, வெள்ளை எண்டு சொல்லிப்போட்டன். சாமான் ஏத்த மே மாசம் வாகனமும் சொல்லியாச்சு. உறையைப் பிரிச்சு இதை எழுதுறன். அவவுக்கு இன்னும் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது, நாற்பத்தெட்டு நாள் மாட்டன் எண்ட வாய். அதாலை தயவுசெய்து தங்கச்சிக்கு எடுக்காதேங்கோ. என்ரை நம்பருக்கு எடுங்கோ. கடிதம் கிடைச்ச கிழமை ஞாயிறு, உங்களுக்குக் காலமை ஒன்பது, எங்களுக்குப் பின்னேரம் மூண்டு. நான் ஸ்பீக்கரிலை போடுவன், அவ பக்கத்திலை இருப்பா. என்னை நல்லாய்ப் பேசுங்கோ, அவளின்ரை முழங்காலைப் பற்றி யோசிச்சியோடா எண்டு கேளுங்கோ, மரியாதை குறைஞ்சாலும் பரவாயில்லை. உங்கடை சொல்லுக்காகத்தான் இறங்கி வாறன் எண்டு இருக்கட்டும். நான் மூண்டு தரம் மறுப்பன். மூண்டாவது மறுப்பை நம்பிப் போனை வைச்சிடாதேங்கோ.