ஒரு ரூபாய் வீடு

மூன்றாவது குண்டானும் நிரம்பிவிட்டது. லூர்துநாதன் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் நான்காவதாக ஓர் இடத்தில் சொட்ட ஆரம்பித்திருந்தது. அந்த இடத்துக்கு நேர் கீழே கட்டில். ஐப்பசி மாதம் அவருடைய மகள் நித்யா மேரி பிரசவத்துக்கு வந்து படுக்க வேண்டிய கட்டில் அதுதான்.

"இன்னாங்க, புள்ளைய இந்தக் கொளத்துக்கா கூட்டியாரப் போறோம்?" என்றாள் மனைவி சவரிமேரி.

சிதம்பரத்தில் வாக்கப்பட்ட பெண்ணுக்கு இப்போது ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் சவரிமேரி கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அவளுக்கு அவள் அம்மா பார்த்தாள். தன் பெண்ணுக்குத் தான் பார்க்க வேண்டும். அதற்காகவே ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து மடித்து வைத்திருந்தாள்.

லூர்துநாதன் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு வருடம் கரும்பு எடை போட்டு ஓய்வு பெற்றவர். லாரியைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். வீட்டுக் கூரையைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்த வீடு அவருடைய பாட்டனாரின் அப்பா கட்டியது. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய தளம். வயது நூற்றுப்பத்து இருக்கும்.

கொத்தனார் சின்னையன் ஏணி வைத்து ஏறி, உத்தரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"ஒரே ஒரு உத்தரந்தான் சார் இத்துப்போச்சு. மத்ததெல்லாம் இரும்பாட்டம் இருக்குது. இந்த ஒண்ண மாத்திட்டு மேல தளம் போட்டுட்டா இன்னும் அம்பது வருசம் நிக்கும். பத்து நாள் வேல. ஒன்றர லட்சம் ஆவும்."

அப்போதே 'ஆரம்பிங்க' என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து மச்சான் அமலன் வந்து சேர்ந்தான். அரசாங்கத்துக்கே தெரியாத அரசாங்கத் திட்டங்கள் எல்லாம் அமலனுக்குத் தெரியும்.

"மாமா, கைக்காச ஏன் போடறீங்க? பழைய வூடுங்கள ரிப்பேர் பண்ண கவர்மெண்டே பணம் குடுக்குது. மரபுச் சொத்துன்னு எழுதிக் குடுத்தா போதும். திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு போட்டுடலாம்."

"இது எப்பிடிடா மரபுச் சொத்து? ஒழுவுற வூடு."

"ஒழுவுதுன்னு மட்டும் எழுதுனா ஆயிரம் மனுவோட ஆயிரத்தொண்ணு. வரலாறு வேணும் மாமா. ஒங்க தாத்தாவோட அப்பா வெள்ளக்காரக் கலெக்டர் பங்களாவுல சமையக்காரரா இருந்தாருல்ல?"

"இருந்தாரு."

"அந்தக் கலெக்டர் இங்க வந்திருக்காரா?"

"ஒரு தபா வந்தாராம். இவரு ரெண்டு நாளா வேலைக்குப் போவல. திட்டறதுக்கு வந்தாராம்."

அமலன் எழுதினான்: 'ஆங்கிலேயக் கலெக்டர் அவர்கள் நேரில் எழுந்தருளி, முக்கிய ஆலோசனை நடத்திய வரலாற்றுச் சிறப்பு மிக்க இல்லம்.' லூர்துநாதன் கையெழுத்துப் போட்டார். போடும்போது அவருக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரே மாதத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். அரசாங்கத்துக்கு மனுப் போட்டு ஒரு மாதத்தில் ஆள் வந்தால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். லூர்துநாதன் காப்பி போடச் சொன்னார். மரபுச் சொத்துப் பாதுகாப்புக் குழுவிலிருந்து வந்தவர் பெயர் ஸ்ரீதர். கதர் ஜிப்பா, கழுத்தில் கேமரா. வீட்டைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது.

"இந்தத் தூண், இந்தத் தளம், இந்தச் சுண்ணாம்பு! அறுபது இடத்துல தேடியிருக்கேன் சார். இவ்வளவு கலப்படமில்லாத கட்டடத்தைப் பார்த்ததே இல்லை."

"சார், ஒழுவுது சார்."

"ஆமா ஆமா," என்று ஈரச் சுவரைத் தடவிக் கொடுத்தார் ஸ்ரீதர். "இந்தப் பாசியோட நிறத்தைப் பாருங்க."

பதினைந்தாம் நாள் வாசலில் பலகை நட்டார்கள். 'பாதுகாக்கப்பட்ட மரபுச் சொத்து. சேதப்படுத்துவோர், மாற்றம் செய்வோர் மீது வழக்குத் தொடரப்படும்.' அமலன் பலகையோடு நின்று ஒரு செல்பி எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். லூர்துநாதன் நேராகக் குழுவின் அலுவலகத்துக்குப் போய் ரிப்பேர் பணத்தைக் கேட்டார்.

"கண்டிப்பா உண்டு சார்," என்றார் ஸ்ரீதர். "சொத்தோட மதிப்புல பத்து சதவீதம் மானியம்."

லூர்துநாதன் மனசுக்குள் கணக்குப் போட்டார். மஞ்சக்குப்பத்தில் மனை விற்கிற விலைக்கு எப்படியும் ஐந்தாறு லட்சம் வரும். அந்தச் சந்தோஷத்தில், "மதிப்பு எவ்ளோ சார் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"அதுல ஒரு சிக்கல் சார். மரபுச் சொத்தை யாரும் வாங்க முடியாது, விக்க முடியாது. சந்தை இல்லாத பொருளுக்கு விலை எப்படிப் போடறது? உங்க வீடு விலைமதிப்பில்லாதது. ஆனா பதிவேட்டுல அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா ஆடிட்ல ஒத்துக்க மாட்டாங்க. அதனால அடையாளத்துக்கு ஒரு ரூபான்னு போட்டிருக்கோம்."

"அப்ப மானியம்?"

"பத்து பைசா. அது இப்ப செல்லாதுங்கறதால, இல்லைன்னே எழுதிட்டோம்."

லூர்துநாதன் முப்பத்திரண்டு வருடம் எடை போட்டவர். ஒரு முழு வீட்டை ஒரு ரூபாய்க்கு நிறுத்ததை அவர் எங்கும் பார்த்ததில்லை. சரி, கையிலிருந்தே போடுவோம் என்று சவரிமேரியின் வளையலை அடகு வைத்துச் சின்னையனைக் கூப்பிட்டார். சிமெண்ட் மூட்டை வண்டியிலிருந்து இறங்கிய அன்றைக்கே நோட்டீஸ் வந்துவிட்டது. சிமெண்ட் கூடாது. கம்பி கூடாது. கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த சுண்ணாம்புதான் பூச வேண்டும். அதுவும் குழு அங்கீகரித்த கொத்தனார்தான் பூச வேண்டும்.

"அந்த மாதிரி கொத்தனார் எத்தினி பேரு சார் இருக்காங்க?" என்று போனில் கேட்டார்.

"ஒருத்தர் இருக்கார். ரொம்பத் திறமைசாலி. ரெண்டு வருஷம் கழிச்சுத் தேதி தர்றேன்னார்."

"எம் பொண்ணுக்கு ஐப்பசியில பிரசவம் சார்!"

"நூத்திப்பத்து வருஷம் நின்ன வீடு, ரெண்டு வருஷம் பொறுக்காதா?"

சின்னையன் பலகையில் இருந்த 'வழக்கு' என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு மூணு பொட்டப் புள்ளைங்க சார். கோர்ட்டு கேசெல்லாம் தாங்காது." சிமெண்ட் மூட்டைகள் வாசலிலேயே கிடந்து ஒரு மழையில் கல்லாகிப்போயின.

புரட்டாசியில் லூர்துநாதன் தானே மொட்டைமாடிக்கு ஏறி ஒரு நீலத் தார்ப்பாயை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்தார். ஸ்ரீதர் தெருவில் நின்றே பார்த்துவிட்டார்.

"நீலம் சார்! வீட்டோட தோற்றமே போச்சு. வெளியில இருந்து பார்த்தா எதுவும் தெரியக் கூடாது. உள்பக்கம் நீங்க என்ன வேணா பண்ணுங்க."

இதைக் கேட்ட அமலனுக்கு மூளை வேலை செய்தது. "அப்ப தார்ப்பாய உள்ள கட்டிடலாம் மாமா!"

அப்படியே செய்தார்கள். கட்டிலுக்கு மேலே, உத்தரத்துக்கும் உத்தரத்துக்கும் நடுவில், கல்யாணப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டினார்கள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. சவரிமேரி கட்டிலில் புது மெத்தை போட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். தார்ப்பாயின் நடுவில் மட்டும் நாளுக்கு நாள் தொப்பை விழுந்துகொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது சம்பந்தியம்மா ஜூலி வந்திருந்தார். மாப்பிள்ளை அருள் பிரகாஷின் அம்மா, சிதம்பரத்தில் தலைமையாசிரியை. மருமகளை அனுப்புவதற்கு முன் அறையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

"நல்லா காத்தோட்டமாத்தான் இருக்குது," என்றபடி கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தார். பிறகு அண்ணாந்தார். "அது இன்னா மேல, நீலமா?"

லூர்துநாதன் பதில் சொல்வதற்கு முன்னால் தார்ப்பாயே சொல்லிவிட்டது. பத்து நாள் மழையும் மொத்தமாக சம்பந்தியம்மாவின் தலையில் இறங்கியது. கூடவே தளத்திலிருந்து பெயர்ந்த நாலைந்து செங்கற்கள் கட்டிலின் கால்மாட்டில் விழுந்தன. அமலன் சிரித்துவிட்டான், அக்கா பார்த்த பார்வையில் சிரிப்பை முழுங்கினான்.

ஜூலி கோபப்படவில்லை. சேலையைப் பிழிந்துகொண்டே அந்தச் செங்கற்களைப் பார்த்தார்.

"கொழந்த படுத்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். "பிரசவம் சிதம்பரத்துலயே ஆவட்டும் சம்பந்தி. தப்பா நெனச்சுக்காதீங்க."

சவரிமேரி அன்று முழுக்க அந்த டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதாள். பெட்டியை அப்படியே பஸ்ஸில் ஏற்றிச் சிதம்பரத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

மறுநாள் லூர்துநாதன் குழுவின் மேசையில் ஓங்கித் தட்டினார். வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அலுவலகத்தில் குரல் உயர்த்தினார்.

"எனக்கு மரபும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். என் வூட்ட பட்டியல்லேர்ந்து எடுங்க!"

"அதுக்கு இது மரபுச் சொத்து இல்லைன்னு நீங்க நிரூபிக்கணும் சார்."

"கலெக்டர் ஆலோசனையெல்லாம் நடத்தல. எங்க பாட்டனாரோட அப்பாவத் திட்டத்தான் வந்தாரு!"

ஸ்ரீதர் கோப்பைத் திறந்து கையெழுத்தைக் காட்டினார். "அப்ப அரசுக்குப் பொய்த் தகவல் கொடுத்தீங்களா? அது தனி வழக்கு." பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார்: "புரிஞ்சுக்குங்க சார். நீங்க குடியிருந்தா அது வெறும் வீடு. நாங்க பாதுகாத்தாத்தான் அது மரபு."

ஐப்பசி கடைசியில் நித்யா மேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. லூர்துநாதனும் சவரிமேரியும் காலை பஸ்ஸில் போய், மாமியார் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்த மகளை விருந்தாளிகள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். "எப்பம்மா நம்ம வூட்டுக்குப் போறது?" என்று நித்யா மேரி கேட்டபோது அமலன் போன் பண்ணினான். வங்கக் கடலில் புயல் சின்னம். கடலூரில் விடாமல் மழை. இத்துப்போன அந்த ஒரே உத்தரம் போயிற்று. அது போகும்போது தளத்தையும், தளம் போகும்போது சுவரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் காலை அவர்கள் ஊர் திரும்பியபோது மழை விட்டிருந்தது. வாசலில் பலகை மட்டும் நேராக நின்றது. லூர்துநாதன் ஒரு செங்கல்லின்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஸ்ரீதரும் வந்தார். அவருக்கும் நிஜமாகவே துக்கம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே நாலு போட்டோ எடுத்தார்.

"பெரிய இழப்பு சார். பட்டியல்லேர்ந்து இன்னைக்கே எடுத்துடறோம். இனிமே இது மரபு இல்லை, இடிபாடு. ஏழு நாள்ல நீங்களே அப்புறப்படுத்திடணும்." பலகையைப் பிடுங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார். பலகைக்கு இன்னொரு வீடு காத்திருந்தது.

ஜீப் தெருமுனை திரும்பியதும், எதிர்ப்பக்கம் நின்றிருந்த லாரியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். பழைய மரம் வாங்கி விற்கிற பண்ருட்டிக் கதிர்வேல். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இடிபாட்டில் கால் வைத்தார். கிடந்த உத்தரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுதான் சார் இத்துப்போச்சு. மத்ததெல்லாம் அசல் பர்மாத் தேக்கு. எட்டு லட்சம் தர்றேன்."

லூர்துநாதனுக்கு அழுகை நின்றுபோனது. நேற்றுவரை ஒரு ரூபாய்.

"வூடு விழுந்து இன்னும் ஒரு நாள் ஆவல," என்றார். "அதுக்குள்ள பண்ருட்டிலேர்ந்து லாரியோட வந்து நிக்கிறியே, ஒனக்கு யாருப்பா சொன்னது?"

கதிர்வேல் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தைப் பிரித்தார். குழு வெளியிட்ட மரபுச் சொத்துப் பட்டியல். பன்னிரண்டு வீடுகளில் நாலின்மேல் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. ஐந்தாவதன்மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சொன்னார்:

"யாரு சார் சொல்லணும், இதுல பேரு ஏறிட்டாலே ரிப்பேரு பண்ண வுட மாட்டாங்களே, அதான் பட்டியல் வந்த அன்னிக்கே லாரிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்."