மனக்கண் டாக்டரும் பதினாலாம் நம்பர் லாக்கரும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைத்தால், அதுவே ஓர் அற்புதம். அன்று அந்த அற்புதம் யாருக்கும் நடக்கவில்லை. செராஸிலிருந்து வந்தவர்கள், பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்தவர்கள், கிள்ளானிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் என்று எல்லோரும் கீழே கடையும் மேலே மண்டபமுமான ஒரே கடைவீட்டின் மாடிப்படியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே சாப்பாடு போடவில்லை. சேலையும் கொடுக்கவில்லை. 'மனக்கண் மனநல ஆலோசனை மைய'த்தின் சிகிச்சையாளர்கள் அறிமுக விழா நடக்கப்போகிறது, அவ்வளவுதான்.

படிக்கட்டுச் சுவரில் பெரிய பதாகை. மூன்று படங்கள். மூன்று பேருக்கும் உடம்பில் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் உருத்திராட்சம். வருகிறவர் அறிவியல் பக்கம் சாய்ந்தாலும் பிடித்துக்கொள்ளலாம், ஆன்மிகம் பக்கம் சாய்ந்தாலும் பிடித்துக்கொள்ளலாம்.

முதல் படம் நாகையா. முற்பிறவிச் சிகிச்சை நிபுணர். இப்பிறவியில் மூன்று வருடத்துக்கு முன்புவரை வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர். பதாகையில் அது இல்லை. அடுத்தது வீரம்மா, கருவறை நினைவுச் சிகிச்சை நிபுணர். நீங்கள் தாய் வயிற்றில் இருந்தபோது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்ததுதான் இன்றைய உங்கள் பதற்றத்துக்குக் காரணம் என்று துல்லியமாகச் சொல்லிவிடுவார். எத்தனை விசில் என்பதற்குத் தனிக் கட்டணம்.

நடுவில், மற்ற இருவரையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரிதாக, மனக்கண் டாக்டர் கிரிதரன். பெயருக்குப் பின்னால் ஏழு பட்டங்கள். படித்த இடம்: இமயம். இமயத்தில் எந்தக் கல்லூரி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கண்ணைப் பட்டுத்துணியால் கட்டிக்கொள்வார். எதிரே நிற்பவர் வாயைத் திறக்கக்கூடாது. அவர் மனசில் இருப்பதை எல்லாம் டாக்டரே சொல்லிவிடுவார்.

"படிச்சிட்டியா? வாக்கா, இடம் போயிடும்" என்றாள் ஹேமா.

பதாகையின் முன் நின்றுவிட்ட கௌசல்யா, தங்கையின் கையைப் பார்த்தாள். அந்தக் கையில் ஒரு நீல மாத்திரைப் பெட்டி. இன்று விழா முடிவதற்குள் அந்தப் பெட்டி மேடையில் இருக்கும் பித்தளைத் தட்டுக்குப் போய்விடும். போகாமல் தடுக்கத்தான் கௌசல்யா வந்திருந்தாள்.

போன வருடம் மூன்று மாதம் ஹேமா அறையைவிட்டு வெளியே வரவில்லை. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, குளியல்கூட இல்லை. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவள் கௌசல்யா. டாக்டர் மாத்திரை எழுதினார். ஒரு கவுன்சலர் வாரம் ஒருமுறை உட்காரவைத்துப் பேசினார். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. பெட்டாலிங் ஜெயா அலுவலகத்துக்குத் திரும்பிப் போனாள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். இது அக்கா தங்கை இருவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்புறம் மனக்கண் டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம் அலுவலகத் தோழியோடு போய்விட்டு வந்த ஹேமா, வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"கண்ணைக் கட்டிக்கிட்டே சொன்னாருக்கா! நீலப் பெட்டி, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நான் வாயே தொறக்கல."

"உன் பை எங்க இருந்துச்சு?"

"பை, போன் எதுவும் உள்ள கொண்டு போகக்கூடாது. அதிர்வு கெட்டுடுமாம். வெளிய லாக்கர்ல வெச்சிப் பூட்டணும். ஏமாத்தெல்லாம் இல்லக்கா, சாவி என் கழுத்துலதான் தொங்குச்சு."

"சாவியில நம்பர் இருந்துச்சா?"

"ஆமா, பதினேழு. அதைச் சொல்லித்தான் கூப்பிடுவாரு. அந்த மாத்திரைதான் உன் விலங்கு, ஞாயித்துக்கிழமை விழாவுல தட்டுல வெச்சிடு, அன்னைக்கே விடுதலைன்னு சொல்லிட்டாரு."

கௌசல்யாவுக்குப் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை. வருகிற கண்டெய்னரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது. பதினோரு வருட அனுபவம். கதவில் முத்திரை உடையாமல் இருக்கும். எண்ணும் சரியாக இருக்கும். திறந்தால் பாதிச் சரக்கு இருக்காது. திருடன் முத்திரையைத் தொடவே மாட்டான். கதவின் கீலைக் கழற்றிச் சரக்கை எடுத்துக்கொண்டு, கீலைத் திரும்ப மாட்டிவிடுவான். முத்திரையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற புதுசுகளை அவள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். தங்கையைத் திட்டவில்லை.

"நானும் வரேன்" என்றாள். "தட்டுல வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. அவரு அதுல ஜெயிச்சிட்டா, உன் மாத்திரையை நானே கொண்டுபோய் வெக்கிறேன்."

"ஜெயிப்பாரு" என்றாள் ஹேமா.

சோதனைக்குத் துணையாக யுவராஜைக் கூட்டி வந்திருந்தாள். அதே கிடங்குக்குச் சரக்கு இழுக்கும் லோரி ஓட்டுநர். ஆறடி உயரம். மீசை மட்டும் தனியாக ஒரு ஆள். விழா முடிந்ததும் வாழையிலைச் சாப்பாடு என்ற ஒரே ஒப்பந்தத்தில் வந்தவன்.

மண்டபத்து ஓரச் சுவரில் வரிசையாக லாக்கர்கள். கௌசல்யா தன் கைப்பையைப் பதினாலில் வைத்துப் பூட்டினாள். யுவராஜ் தன் தோள்பையை இருபத்து மூன்றில் வைத்தான். இருவர் கழுத்திலும் எண் போட்ட சாவி. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் குனிந்து கிசுகிசுத்தாள்.

"யுவா, உன் சாவியைக் குடு. என்னுதை நீ மாட்டிக்க."

"ஏங்க்கா?"

"உன் மனசு எனக்கு, என் மனசு உனக்கு. கொஞ்ச நேரத்துக்குத்தான்."

"அலாமாக்! என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா?"

"அவளுக்கு உன் மனசுகிட்ட இருந்து ஒருநாள் லீவு. கழட்டுலா."

ஹேமா முகத்தைச் சுளித்தாள். ஆனால் தடுக்கவில்லை. சோதனைக்கு ஒத்துக்கொண்டவள் ஆயிற்றே.

மேடையில் நாகையா ஒலிவாங்கியைப் பிடித்தார். பித்தளைத் தட்டில் ஏற்கெனவே மாத்திரைகள் குவிந்திருந்தன. மனசு மாத்திரை மட்டுமில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை என்று சகலமும். முன்வரிசையில் காசிவிஸ்வநாதன் என்ற செட்டியார், இரும்புக்கடை முதலாளி, தன் சர்க்கரை மாத்திரையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் ஒரு ஆணியைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டார்.

கிரிதரன் வந்தார். பட்டுத்துணியைக் கட்டிக்கொண்டார். மண்டபம் மூச்சை அடக்கியது.

"இருபத்து மூணு!"

கௌசல்யா எழுந்து நின்றாள்.

"தம்பி..." என்றார் கிரிதரன்.

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. நாகையா இருமினார்.

"தம்பி, உன் வாழ்க்கை பதினெட்டுச் சக்கரத்துல ஓடுது. பெரிய பாரம் இழுக்கிறே. இடுப்புல பிளாஸ்டர் ஒட்டியும் வலி போகல."

நாகையா இன்னும் பலமாக இருமினார்.

"நெஞ்சுச் சளியும் இருக்கு. மீசைக்குச் சீப்பு வெச்சிருக்கே, முதுகுக்கு என்ன வெச்சிருக்கே? லோரி லைசன்ஸ் வேற அடுத்த மாசம் முடியுது. அந்தக் கவலையும் மனசை அரிக்குது."

நாகையா ஒலிவாங்கிமேல் பாய்ந்தார். "அன்பர்களே, இதுதான் அதிசயம்! இந்த அம்மா முற்பிறவியில லோரி ஓட்டினவங்க! நம்ம டாக்டர் நேரா அங்கேயே போயிட்டாரு!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. காசிவிஸ்வநாதன் திரும்பிக் கௌசல்யாவை மேலும் கீழும் பார்த்தார். "நீ எழுந்து நின்னப்பவே நெனச்சேன்ம்மா. லோரிக்காரன் நிக்கிற மாதிரியே நின்னே."

"பாஸ்" என்றாள் கௌசல்யா மேடையைப் பார்த்து. "போன பிறவியில எடுத்த லைசன்ஸ் எப்படி அடுத்த மாசம் முடியும்?"

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் அவர்களை முறைத்தார்கள்.

"கேள்வி கேட்டா அதிர்வு கெட்டுடும். உக்காருங்க" என்றார் நாகையா.

அங்கேயே விழாவை முடித்திருந்தால் மையம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கிரிதரனுக்கு ரோஷம். சறுக்கிய இடத்திலேயே ஏறிக் காட்ட வேண்டும். நாகையா தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் கம்பீரமாகக் கூப்பிட்டார்.

"பதினாலு!"

யுவராஜ் எழுந்து நின்றான். மீசையும் எழுந்து நின்றது.

"அம்மா..."

யாரோ களுக்கென்றார்கள்.

"சிரிக்காதீங்க! இது ஒரு பெண்ணோட வேதனை. அம்மா, தையல்காரி உன்னை ஏமாத்திட்டா. மூணு பிளவுஸ் குடுத்தே. மூணும் கை இறுக்கம். பிரிச்சித் தைக்கத் திருப்பிக் குடுத்திருக்கே. சரிதானே? அது பிளவுஸோட இறுக்கம் இல்லம்மா, உன் இதயத்தோட இறுக்கம்!"

யுவராஜ் மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தான். துறைமுகத்துக் குரலில் சொன்னான். "ஆமா டாக்டர், தூக்கவே முடியல."

மண்டபம் வெடித்தது. கிரிதரன் பட்டுத்துணியைப் பிடுங்கி எறிந்தார். எதிரே மீசையைப் பார்த்தார். மீசையும் அவரைப் பார்த்தது.

"இவரும் முற்பிறவியில..." என்று ஆரம்பித்தார் நாகையா.

"தையல்காரி ரசீதுல போன செவ்வாய்க்கிழமை தேதி இருக்கு" என்றாள் கௌசல்யா. "பிளவுஸ் என்னுது. லோரி இவனுது. நாங்க மாத்தினது கழுத்துச் சாவியை மட்டும்தான். மனசைப் படிக்கிறவருன்னா சாவி மாறினா என்ன, அவனுக்கு அவன் மனசைத்தானே சொல்லணும்? இவரு எங்க மனசைப் படிக்கல. லாக்கரைப் படிக்கிறாரு."

"லாக்கர் சாவி உங்ககிட்டதானே இருக்கு!" என்று கத்தினார் கிரிதரன்.

"அது முன்கதவுக்கு."

லாக்கர் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அறை. கதவில் 'தியான அறை. பேசாதீர்' என்று எழுதியிருந்தது. யுவராஜ் பேசாமல்தான் திறந்தான். உள்ளே லாக்கர்களின் பின்பக்கம் எல்லாம் புறாக்கூண்டுபோல் திறந்து கிடந்தது. நடுவில் ஒரு நாற்காலி. நாற்காலியில் கிரிதரனின் மனைவி மாதவி. காதில் கருவி, வாய்க்கு முன்னால் சின்ன ஒலிவாங்கி, மடியில் கௌசல்யாவின் கைப்பை, ஒரு கையில் தையல்காரி ரசீது, மறு கையில் அதே பையிலிருந்த முறுக்கு.

"யாருங்க அது? தியானம் நடக்குது" என்றாள் மாதவி, மென்றுகொண்டே.

அதன்பிறகு நடந்ததைத் தனித்தனியாகச் சொல்ல முடியாது. ஒருவர் லாக்கரிலிருந்து போனை எடுத்துப் போலீஸை அழைத்தார். வீரம்மா பின்படிக்கட்டில் இறங்கியதைப் பலர் பார்த்தார்கள். இருபது பேர் பித்தளைத் தட்டை மொய்த்து, இது என் பிரஷர் மாத்திரை, அது உன் சர்க்கரை மாத்திரை என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். "பேரைப் படிச்சிப் பார்த்து எடுங்க!" என்று கௌசல்யா தொண்டை வற்றக் கத்தினாள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் யாராவது எதையாவது படித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஹேமா மட்டும் எழுந்திருக்கவில்லை. நீலப் பெட்டி மடியில் இருந்தது. கௌசல்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பார்த்தியா என்று சொல்ல வாயெடுத்தவள், தங்கையின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிவிட்டாள்.

"நான் முட்டாள்னு நினைக்கிறே இல்ல?"

"இல்ல."

"நான் ஒண்ணுமே சொல்லாம ஒருத்தருக்கு என்னைப் புரிஞ்சிருச்சேன்னு... ஒரு வாரமா சந்தோஷமா இருந்தேன்க்கா. ஹோஸ்பிட்டல் கவுன்சலர் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. எப்ப ஆரம்பிச்சுது, என்ன நினைச்சே, அப்புறம் என்னன்னு. எல்லாத்தையும் நான்தான் சொல்லணும். அது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?"

கௌசல்யாவுக்குத் தெரியாது. அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கூட்டிப்போனாள், வெளியே காத்திருந்தாள், கூட்டிவந்தாள்.

"அவங்களுக்குத் தெரியாது, அதான் கேட்கிறாங்க" என்றாள் மெல்ல. "தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்கிறாங்க பாரு. எனக்கும் தெரியாது ஹேமா. நானும் கேட்கட்டுமா? இன்னைக்கு வேணாம்னா வேணாம்."

ஹேமா பெட்டியைத் திறந்தாள். விடுதலை நாள் என்று காலை மாத்திரையைப் போடாமல் வந்திருந்தாள். மேடை ஓரத்தில் 'மனக்கண் தீர்த்தம்' என்று ஒட்டிய புட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து மூடியைத் திருகினாள்.

"ஆற்றல் ஏத்தின தண்ணி ஆச்சே அது" என்றான் யுவராஜ்.

"தண்ணிதானே அண்ணே. முழுங்கறதுக்குப் போதும்."

மாத்திரையைப் போட்டுக்கொண்டு அரைப் புட்டித் தண்ணீரைக் குடித்தாள். "சாப்பிட்டுட்டு கேளு" என்றாள் அக்காவிடம். "பசியோட சொல்ல முடியாது."

மூவரும் படி இறங்கும்போது பின்னாலேயே காசிவிஸ்வநாதன் ஓடிவந்தார். சர்க்கரை மாத்திரை சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

"அம்மா, அம்மா! ஒரு நிமிஷம். இந்தப் பய மோசம் பண்ணிட்டான். போகட்டும். உனக்குத்தான் இதெல்லாம் தெரியுதே, பார்த்த உடனே மனசுல உள்ளதைச் சொல்ற நல்ல ஆள் வேற யாராவது இருந்தா சொல்லேன். கிள்ளானா இருந்தாலும் பரவாயில்ல, கார் இருக்கு."

கௌசல்யா ஒரு படி மேலே ஏறி அவர் எதிரே நின்றாள்.

"அங்கிள், உங்க கடைக்கு ஒருத்தன் வந்து, பூட்டின கல்லாவுல எவ்ளோ இருக்குன்னு சரியாச் சொன்னா, கையெடுத்துக் கும்பிடுவீங்களா?"

"சட்டையைப் பிடிச்சி, எப்படிடா தெரியும் உனக்குன்னு கேட்பேன்!"

"உங்க மனசைப் பத்திச் சொல்றவன்கிட்டயும் அதையே கேளுங்க. கேட்கிறதுக்குப் பீஸ் கிடையாது. கேட்காம விட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் இவனுங்க பில் போடுறானுங்க."