வரி கட்டும் யோகம்

"வரியே கட்டாத ஆளுக்கு எங்கண்ணே வரிச் சலுகை?" என்றாள் கேத்தரின்.

மலேசியாவின் மேருவில் ஒரு பெயிண்ட் ஃபேக்டரியின் கணக்கு கிளார்க் அவள். லோரி டிரைவர் திருச்செல்வம் அவள் மேசை மேல் மெடிக்கல் கார்டு என்ற மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டிய ரசீதுகளைப் பரப்பியிருந்தார்.

"கார்டு எடு, வரியில கழிச்சுக்கலாம்னு நம்ம முதலாளி டத்தோதானே சொன்னாரு?"

"கழிக்கலாம்ணே, வரி இருந்தா. உங்க சம்பளத்துக்குத்தான் வரியே வரலியே!"

திருச்செல்வம் ரசீதுகளை வாரி எடுத்தார். மனைவி லோகேஸ்வரியின் அக்கா அரசாங்க மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு ஒன்பது மாதம் காத்துக் கிடந்ததைப் பார்த்த பயத்தில் எடுத்த கார்டு. பணம் திரும்புமென்று நம்பி, மாதம் இருநூறு வெள்ளிக்குப் பெரிதாகவே எடுத்துவிட்டார். கட்டாவிட்டால் கார்டு செத்துப்போகும்.

"அப்ப நான் வரி கட்டுற ஆளாகிக் காட்டுறேன் லா!"

ஞாயிற்றுக்கிழமையையும் விடாமல் ஓ.டி. பார்த்தார். வருமானம் ஏறியதும் அரசாங்க உதவித்தொகை இறங்கியது. அதை ஈடுகட்ட இன்னும் ஓ.டி. பார்த்தார். நவம்பரில் பெயிண்ட் டின்னைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது.

"லோகேஸ், கார்டை எடு!" என்று அலறினார்.

"கார்டு என் பேர்லதானே இருக்கு? எனக்கு இடுப்பு நல்லாத்தானே இருக்கு!"

அரசாங்க மருத்துவமனையில் நம்பர் எடுத்து ஐந்து மணி நேரம் கோணலாக உட்கார்ந்திருந்தார். ஆனாலும் ஓ.டி.யை விடவில்லை.

ஏப்ரலில் கேத்தரின் அவருடைய வரிப் படிவத்தை நிரப்பினாள்.

"வாழ்த்துகள்ணே. உங்களுக்கு வரி வந்துடுச்சு. அறுநூத்திப் பன்னெண்டு வெள்ளி."

"கார்டைக் கழிச்சா?"

"கழிச்சப்புறம்தான். கார்டால உங்களுக்கு மிச்சமானது நூத்தி நாப்பத்தி நாலு வெள்ளி."

திருச்செல்வம் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். இந்த வரியைக் கட்டினால் அடுத்த மூன்று மாதம் கார்டுக்குக் கட்டக் கையில் ஒன்றுமில்லை. இத்தனை பாடும் அந்தக் கார்டுக்காகத்தான். ஆத்திரமாகவும் அவமானமாகவும் இருந்தது. பிறகு சட்டென்று முகம் தெளிந்தது.

"டத்தோகிட்ட அட்வான்ஸ் கேக்கப் போறேன். அவரும் வரி கட்டுறவரு, என் வலி அவருக்குப் புரியும். எனக்கே இவ்வளவுன்னா, பாவம், அவருக்கு எவ்வளவு வந்துச்சு?"

கேத்தரின் டத்தோவின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ள போய் அதைச் சொல்லி வைக்காதீங்கண்ணே, இந்த ஃபேக்டரியிலேயே வரி கட்டுற ஆளு நீங்க ஒருத்தர்தான்."