கடைசி அத்தியாயம் குறித்த ஏகமனதான தீர்மானம்

உலக இலக்கியத்தின் எதிர்காலத்தில் அக்கறை கொண்ட அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இந்த ஆண்டு தமிழில் என்னென்ன மகத்தான படைப்புகள் தோன்ற வேண்டும் என்பது சென்ற டிசம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் இறுதியாக முடிவு செய்யப்பட்டுவிட்டது. இனி இது பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

முடிவு செய்தவர்கள் நாங்கள்தான். மலைக்கோட்டைப் படைப்பாளர் பேரவை. நான் அதன் செயலாளர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை; தெரியாமல் யாரும் தவறவிட்டுவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

பேரவையின் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. மற்ற ஊர்களில் ஒருவர் புத்தகம் எழுதி முடித்த பிறகு அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். இதைப்போல அபத்தம் கிடையாது. எழுதி முடித்தவனுக்கு எதற்கு ஊக்கம்? அவன்தான் முடித்துவிட்டானே! ஊக்கம் தேவைப்படுவது எழுதப்போகிறவனுக்கு. ஆகவே நாங்கள் இலக்குக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். ஆண்டுக் கடைசியில் 'படைப்பாண்டு மீள்பார்வையும் இலக்கேற்பு விழாவும்' நடக்கும். உறுப்பினர் மேடையேறி, கடந்த ஆண்டின் படைப்பு அனுபவங்களைப் பகிர்ந்து, வரும் ஆண்டில் எழுதவிருக்கும் நூலின் பெயரை அறிவிப்பார். கைதட்டல். பொன்னாடை. புகைப்படம். பிறகு எல்லோரும் கீழே இறங்கிப் பிரியாணி.

நூலை எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று சில விவரமற்றவர்கள் கேட்பார்கள். ஒன்றும் ஆகாது. அடுத்த ஆண்டு அதே இலக்கைப் 'புதுப்பித்துக்கொள்ளலாம்'. புதுப்பித்தலுக்கும் பொன்னாடை உண்டு. எழுதித் தொலைத்தால்தான் சிக்கல். இருந்த இலக்கு தீர்ந்துபோய், புதிதாக ஒன்றைத் தேடி அலைய வேண்டும். பேரவையில் யாரும் அந்த ஆபத்துக்கு இடம் கொடுத்ததில்லை.

அன்றைய விழாவைத் தலைவர் உடையப்பன் தொடங்கிவைத்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயருக்கு முன்னால் 'எழுத்து வேந்தர்' என்று போடுவது வழக்கம், அவரே போடுவார். பல பாகங்கள் கொண்ட ஒரு சரித்திர நாவல் அவருடைய நிரந்தர இலக்கு. அதற்கு முந்தைய ஆண்டு நாவலுக்குப் பெயர் வைத்திருந்தார். அந்த ஆண்டு ஓயாத உழைப்பில் சமர்ப்பணப் பக்கம்வரை வந்துவிட்டார். அதில் 'என் மனைவிக்கு' என்று போடுவதா, 'என் அன்பு மனைவிக்கு' என்று போடுவதா என்பதில் ஆழமான மனப்போராட்டம் நடப்பதாகக் கண்கலங்கச் சொன்னார். அவை நெகிழ்ந்தது.

அடுத்து பொருளாளர் ஸ்டீபன்ராஜ். இரும்புக்கடைக்காரர், கவிஞர். ரோஜாப் படத்தின் மேல் 'இனிய காலை' என்று தொடங்கும் கவிதையை ஒரு நாள்கூடத் தவறாமல் ஊரில் உள்ள எல்லா வாட்ஸாப் குழுக்களுக்கும் அனுப்புகிறவர். பல குழுக்களில் இருந்து அவரை நீக்கியிருக்கிறார்கள். அதைத் 'தணிக்கை' என்று அவர் வர்ணித்தபோது, அடக்குமுறைக்கு எதிரான கவிஞனின் குரல் எப்படி இருக்கும் என்று எங்களுக்குப் புரிந்தது.

இளைஞர் அணியின் விக்னேஷ்குமார் தெர்மாகோலில் செய்த ஒரு 'கனவுப் பலகை'யோடு வந்திருந்தார். அதில் விருதுகளின் படங்களை ஒட்டி, நடுவில் தன் படத்தை ஒட்டியிருந்தார். அவர் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுகிறார். எழுவதைப் படம் எடுக்கிறார். 'தினமும் எழுதுவது எப்படி?' என்று தினமும் ரீல்ஸ் போடுகிறார். சத்தம் எழுப்பும் விசைப்பலகை ஒன்றும், எந்தச் சத்தமும் கேட்காத ஹெட்போன் ஒன்றும் வாங்கியிருக்கிறார். எழுதுவது ஒன்றைத் தவிர, எழுத்தாளன் செய்ய வேண்டிய அனைத்தையும் அவர் செய்துவிட்டார்.

என் படைப்பாண்டைப் பற்றி நானே பேசுவது அழகல்ல. ஆனாலும் பேசினேன். இரண்டு நாவல்களுக்கு இடையில் ஓர் எழுத்தாளன் அனுபவிக்கும் மௌனத்தில் இருந்தேன். முதல் நாவல் இன்னும் எழுதப்படவில்லை என்பது அந்த மௌனம் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும்.

இவ்வளவு சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த விழாவில்தான் ஏஞ்சலின் மேடையேறினார்.

வேடசந்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஜூன் மாதம்தான் பேரவையில் சேர்ந்தார். ஆயுத பூஜை விடுமுறையின்போது எங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்திருந்தார். 'ஈரச்சாக்கு' என்று தலைப்பு. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அக்கா, தங்கையைப் பற்றிய நாவல் என்று அவரே சொன்னார். நாங்களும் கடமையில் தவறவில்லை. அன்றே கட்டைக் காபி டம்ளர் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, 'இப்போது வாசிப்பில்' என்று ஸ்டேட்டஸ் போட்டோம்.

“எல்லாருக்கும் வணக்கம். இந்த வருசம் நான் ஒரு நாவல் எழுதி முடிச்சிருக்கேன்” என்றார் ஏஞ்சலின்.

கைதட்டுவதற்காக உயர்ந்த கைகள் பாதியில் நின்றன.

“எழுதப்போறீங்க” என்று தலைவர் அன்பாகத் திருத்தினார்.

“இல்லங்கய்யா. எழுதிட்டேன்.”

“அதாவது, முடிக்கப்போறீங்க.”

“முடிச்சுட்டேன்யா. உங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காப்பி குடுத்தேனே?”

“அது முழுசா?” என்று ஸ்டீபன்ராஜ் அதிர்ந்தார். “அம்புட்டும் கதையா? நான் ஸ்கூல் பேப்பரு ஏதோ சேத்து வச்சுக் கட்டியிருக்கீகன்னுல்ல நெனச்சேன்!”

“எனக்கு அடுத்த வருச இலக்குன்னு ஒண்ணும் இல்லண்ணே. ஒரே ஒரு சந்தேகந்தான் இருக்கு. மதுரையில ஒரு பதிப்பகத்துல போடுறேன்னு சொல்லியிருக்காங்க. பொங்கலுக்குள்ள அனுப்பணும். அக்கா கடையப் பூட்டிட்டுப் போறதோட முடிச்சா நெஞ்ச அடைக்குது. அதுக்கு அப்புறம் தங்கச்சி மார்க்கெட்டுக்குத் திரும்பி வர்ற மாதிரி கடைசியா ஒரு அத்தியாயம் எழுதியிருக்கேன். அது இருந்தா கதையே வேறயா ஆயிடுது. வச்சுக்கவா, எடுத்துறவா? எனக்கே தெரியல. தூக்கமே இல்ல. வீட்டுக்காரரு ரெண்டு பக்கம் புரட்டுனாலே கொட்டாவி விடுறாரு. ஸ்டாஃப் ரூம்ல கேட்டா, ‘ஒங்களுக்கு மட்டும் எங்கிருந்து டீச்சர் நேரம் கெடைக்குது?’ங்குறாங்க. எனக்குத் தெரிஞ்சு எழுதுறவங்கன்னா நீங்க நாலு பேருதான். ஒருத்தராச்சும் சொல்லுங்க.”

‘எழுதுறவங்க’ என்று எங்களைப் பார்த்து ஒருவர் இப்படிப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது பேரவையின் வரலாற்றில் அதுவே முதல் தடவை.

தலைவர் தொண்டையைச் செருமினார். “நாவல்ங்கிறது கடல் மாதிரி டீச்சர். கடலுக்குக் கடைசின்னு ஒண்ணு இருக்கா?”

“கடலுக்கு இல்லங்கய்யா. இந்த நாவலுக்கு இருக்கு. அத வைக்கவா வேணாமான்னுதான்...”

“கடைசி அத்தியாயத்துல மழ வருதா?” என்று ஸ்டீபன்ராஜ் குறுக்கிட்டார்.

“இல்லண்ணே.”

“மழ ஒண்ணு போட்டிருக்கலாம். எனக்கெல்லாம் முடிவுன்னா மழதான்.”

விக்னேஷ்குமார் அதற்குள் போனை எடுத்துவிட்டார். “மேம், இப்ப ஓப்பன் எண்டிங்தான் டிரெண்டு. இன்ஸ்டா ஸ்டோரில ஒரு போல் வச்சு ஓட்டுக் கேட்டுறட்டா? ‘வச்சுக்கலாம், தூக்கிரலாம்’. பத்து நிமிசத்துல ரிசல்ட் வந்துரும்.”

“ஓட்டுப் போடுறவங்க நாவலப் படிச்சிருக்க மாட்டாங்களே தம்பி?”

“அதான் மேம் நல்லது. பாரபட்சமில்லாமச் சொல்லுவாங்க.”

ஏஞ்சலின் என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்க சொல்லுங்க. தங்கச்சியப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?”

விமர்சகனின் பொறுப்பை உணர்ந்து, கொஞ்சம் கண்ணை மூடித் திறந்து, “தங்கச்சி... நல்ல பொண்ணு” என்றேன்.

“நல்ல பொண்ணா? ஆஸ்பத்திரியில கெடந்த அக்காவ விட்டுட்டு ஓடுனவளாச்சேண்ணே!”

“ஓடுறவளுக்குள்ளயும் ஒரு நல்ல பொண்ணு இருக்கத்தான் செய்யிறா. அத நீங்க நுட்பமாக் காட்டியிருக்கீங்கன்னு சொல்ல வந்தேன்.”

இந்த நேரத்தில் கீழே பிரியாணி அண்டாவின் தம் உடைத்தார்கள். சீரகச் சம்பா வாசனை படியேறி மாடிக்கு வந்தது. இலக்கியத்தின் முன்னால் இருந்த சிக்கல்கள் எவையானாலும், அவற்றை விரைந்து தீர்க்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. ஏஞ்சலினையும் உட்காரச் சொல்லி, அவசரச் செயற்குழுவை அதே நாற்காலிகளில் கூட்டினோம்.

சிக்கல் சிறியதல்ல. ஏஞ்சலினிடம் இலக்கு இல்லை. இலக்கு இல்லாதவருக்குப் பொன்னாடை போர்த்த விதியில் இடமில்லை. ஆனால் அவருக்கும் சேர்த்துப் பொன்னாடை வாங்கியாகிவிட்டது. விதியைத் திருத்தலாம் என்று நான் சொன்னேன். “அது பேரவையின் ஆணிவேரையே அசைச்சுரும்யா” என்று தலைவர் மறுத்துவிட்டார். பிறகு, பெரிய மனிதர்களுக்கு மட்டுமே வரும் ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது.

“கடைசி அத்தியாயத்த எடுத்துருவோம்.”

ஏஞ்சலின் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையில் இருந்து பேனாவை எடுத்தார். “அப்படியாங்கய்யா? ஏன்யா? கடையப் பூட்டுறதோட நின்னாத்தான் நல்லாருக்கா?”

“அதெல்லாம் எனக்கு எப்படித் தாயி தெரியும்? அத எடுத்துட்டா நாவலு முடியாததா ஆயிரும்ல? அப்ப உங்களுக்கும் ஒரு இலக்கு வந்துரும். ‘வரும் ஆண்டில் கடைசி அத்தியாயத்தை எழுதுதல்.’ பொன்னாடையப் போத்திறலாம்.”

“அத எழுதியாச்சேய்யா!”

“எடுத்துட்டமே.”

“எடுத்ததத் திரும்ப எழுதணுமா?”

“அடுத்த வருசந்தான். ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா எழுதுங்க. முடியலைன்னா புதுப்பிச்சுக்கலாம்.”

“அது தேவையா, தேவையில்லையான்னுதான்யா நான் கேட்டேன்.”

“தேவையில்லாமையா உங்கள எழுதச் சொல்லுவோம்?” என்றார் தலைவர், சற்றே மனம் புண்பட்டு.

தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. நான்கு கைகள் உயர்ந்தன. ஏஞ்சலினின் கை உயரவில்லை. ஆனால் அவர் சம்பந்தப்பட்ட நபர் என்பதால் அவருக்கு வாக்குரிமை இல்லை என்று முடிவு செய்து, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக அறிவித்தேன்.

அவர் பேனாவைப் பையில் போட்டார். எங்கள் நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளை டீச்சர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். எனக்கே ஒரு கணம் எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

“ஒருத்தரும் படிக்கல. அப்படித்தான?”

பதில் சொல்லும் பொறுப்பைத் தலைவர் கண்ணாலேயே ஸ்டீபன்ராஜிடம் கொடுத்தார். அவர் என்னிடம் கொடுத்தார். நான் விக்னேஷ்குமாரைப் பார்த்தேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

கடைசியில் தலைவரே வாய் திறந்தார். “படிக்கிறதுங்கிறது சும்மா இல்ல தாயி. அதுக்கே தனியா ஒரு இலக்கு வைக்கணும்.”

இலக்கு என்ற அந்தச் சொல் மாடி முழுவதும் ஒலித்தது. பேரவையின் பொற்காலம் அங்கேதான் தொடங்கியது என்று பின்னாளில் எழுதுவார்கள். அதாவது, எழுத இலக்கு வைப்பார்கள். உடனே நாங்கள் நால்வரும் எங்கள் இலக்குகளோடு 'ஈரச்சாக்கு நாவலை வாசித்தல்' என்பதையும் சேர்த்துக்கொண்டோம். கூடுதல் இலக்குக்குக் கூடுதல் பொன்னாடை என்ற கோரிக்கை எழுந்தது. ஏஞ்சலினுக்காக வாங்கியது ஒன்று மட்டுமே மீதம் இருந்ததால், அதைத் தலைவரின் தோளில் போர்த்தி மற்றவர்கள் பெருந்தன்மையாக விலகிக்கொண்டோம்.

“செத்த நேரம் இருங்க டீச்சர், போட்டோ எடுத்துட்டுப் பிரியாணி சாப்ட்டுப் போலாம்” என்றேன்.

“இல்லண்ணே. வேடசந்தூர் பஸ்ஸு போயிரும். வாரேன்.”

படியிறங்கிப் போனார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி, படிக்குப் படி நின்று இறங்கினார். கீழே போனதும், “எலை போடவா டீச்சர்?” என்று கடைக்காரர் கேட்டது மேலே கேட்டது. டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நாங்கள் புகைப்படத்துக்கு நிற்கத் தொடங்கியிருந்தோம்.

ஏப்ரலில் நாவல் புத்தகமாக வந்தது. பேரவை உறுப்பினர் ஒருவரின் நூல் என்பதால் அது பேரவையின் சாதனை என்று தீர்மானித்து, 'ஈரச்சாக்கு: ஒரு பன்முகப் பார்வை' என்ற கருத்தரங்கை நடத்தினோம். ஆசிரியரை அழைத்தால் சுதந்திரமான விமர்சனத்துக்கு இடையூறாக இருக்கும் என்று அழைக்கவில்லை. நாவல் ஒரு கடல் என்றார் தலைவர். ஸ்டீபன்ராஜ், மழையைத் தவிர்த்த அந்தத் துணிச்சலைப் பாராட்டினார். விக்னேஷ்குமார் புத்தகத்தை முகர்ந்து பார்ப்பதை ஸ்லோ மோஷனில் படம் எடுத்துப் போட்டார், ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். நான் ஆசிரியர் சார்பில் ஏற்புரை நிகழ்த்தினேன். என்னையறியாமல் கண்ணீர் வந்தது. புத்தகத்தோடு நாங்கள் நால்வரும் நிற்கும் படம் மறுநாள் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் வந்தது.

கடைசி அத்தியாயம் அதில் இருக்கிறதா, இல்லையா என்பது எங்கள் நால்வருக்கும் தெரியாது.