ஜந்து அண்ணனும் இடது பக்கத் தூணும்

ஒரகடத்தில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரை எத்தனையோ கம்பெனிகள், எத்தனையோ ஆயிரம் பேர். அத்தனை பேரிலும் அவசரம் என்றால் என்னவென்றே தெரியாமல் மூன்று ஷிப்ட்டும் பார்த்த ஒரே மனிதர் எங்கள் ஜந்து அண்ணன்தான். இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் நேரில் வரலாம், நான் சண்டைக்குத் தயார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருந்தது. நாங்கள் யாரும் அதை உபயோகித்ததில்லை. வடக்குப்பட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். அண்ணன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். கார்களின் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றில் நானும் அவரும் ஒரே லைன். வேலை முடிந்து வந்து, குளித்து, சுவரில் சாய்ந்து போனைக் கையில் எடுத்துவிட்டால் மனுஷன் இந்தப் பூமியில் இருக்க மாட்டார். ஆளரவமே இல்லாத ஏதோ ஒரு கிரகத்தில் போய் இறங்கியிருப்பார்.

ஊதா நிறப் புல், வானத்தில் இரண்டு நிலா, நடுவில் பொடிநடையாக நம் அண்ணன். அங்கே திரியும் விசித்திர ஜந்துக்களைத் தேடிப் பிடித்து, பழகி, படம் எடுத்து, பெயர் வைத்து, அதன் சுபாவத்தை நாலு வரி எழுதி நோட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மொத்த விளையாட்டே அவ்வளவுதான். “தம்பி, ஒரு ஜந்து சிக்கிட்டுடே!” என்று தினம் நாலு தடவையாவது கூவுவார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் மோட்டார் போட வந்த வீட்டுக்கார அக்கா அவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இன்னா தம்பி, எப்பப் பாரு போனையே பாத்துகினு கீற? சுடுற கேமா?”

“சுடக்கூடாதுக்கா. சுட்டா ஓடிரும்லா.”

“அப்ப எப்டி ஜெயிப்ப?”

“ஜெயிக்கவே வேண்டாம்.”

“தோத்துட்டா?”

“தோக்கவும் முடியாதுக்கா.”

அக்கா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “ஏம்பா, டாக்டராண்ட இட்டுனு போய்க் காட்னீங்களா?” என்றார்.

டாக்டரால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த விளையாட்டில் கண்ணாடி இறக்கை வைத்த ஜந்து ஒன்று உண்டு. அசையாமல் உட்கார்ந்திருந்தால்தான் அது புதரை விட்டு வெளியே வரும். போனுக்குள் இருக்கும் ஆள் அசையாமல் இருந்தால் போதாதா? போதாது என்பது அண்ணனின் கட்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குக்கர் முதல் விசில் அடித்ததும் அண்ணன் எட்டி அடுப்பை அணைத்துவிட்டார். அன்று நாங்கள் சாப்பிட்டதைச் சோறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிசியாகவே கடித்தோம்.

“வந்துச்சாண்ணே?”

“தலைய நீட்டுச்சு, போயிட்டு. விசிலு கேட்டிருக்கும்.”

“போனுக்குள்ள இருக்கறதுக்குக் காது எப்படிண்ணே கேக்கும்?”

“கேக்காதுன்னு ஒனக்குத் தெரியுமாடே?”

எனக்கு எப்படித் தெரியும்?

அறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கம்பெனிக்கும் அதே பாடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பயந்த ஜந்துவோடு பழக அந்த விளையாட்டில் ஒரு முறை இருக்கிறது. நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தினம் கொஞ்சம் கிட்டே போய் உட்கார வேண்டும். இதை அவர் எங்கள் சூப்பர்வைசர் மேல் பிரயோகித்தார். சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர். அவர் கத்தினால் கேன்டீனில் டம்ளர் அதிரும். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உன் ரூம்காரனுக்கு இன்னாபா ஆச்சு? மூணு வாரமா கேன்டீன்ல டெய்லி ஒரு சேரு, ஒரு சேரா என்னாண்ட வந்துகினே கீறான். மூஞ்சியும் பாக்க மாட்றான், பேசவும் மாட்றான். எனக்கு சோறே எறங்கல.”

அண்ணனிடம் கேட்டேன். “பயந்த சுபாவம்டே அந்த மனுசனுக்கு. கத்துறதெல்லாம் பயத்துலதான். இன்னும் ரெண்டு சேருதான் பாக்கி” என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அதற்கடுத்த வாரம் சூப்பர்வைசர் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல், அண்ணன் தட்டில் வைத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அன்றிலிருந்து அவர் அண்ணனைப் பார்த்துக் கத்தியதே இல்லை. மிச்சத்தையும் சேர்த்து எங்களிடம் கத்தினார்.

இனி வேலை விஷயம். பெயின்ட் அடித்து வரும் பம்பரை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து, நல்லதென்றால் அவரவர் நம்பர் போட்ட ஓகே ஸ்டாம்ப் குத்துவதும் கெட்டதென்றால் ரெஜிஸ்டரில் எழுதி ஒதுக்குவதும்தான் எங்கள் இருவர் வேலை. ஆளுக்கொரு மேடை, ஒரு பம்பருக்கு நாற்பது செகண்ட். பெயின்ட்டில் எண்ணெய்த் துளி பட்டால் ஊசி முனை அளவுக்குச் சின்னக் குழி விழும். அதற்கு மீன் கண் என்று பெயர். நானும் மற்ற ஷிப்ட்காரர்களும் ‘மீன் கண், ஒன்று’ என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். அண்ணன் குறிப்புக் கட்டத்தை வீணாக்க மாட்டார். ‘மீன் கண், ஒன்று. கூச்ச சுபாவம். லைட்டுக்கு நேரே நின்றால் ஒளிந்துகொள்ளும். இடது பக்கம் குனிந்தால் தலை காட்டும்’ என்று எழுதுவார். இன்னொரு பக்கத்தில், ‘தூசி, மூன்று. ஒரே குடும்பம் என்று நினைக்கிறேன்.’

அந்த ரெஜிஸ்டரில் பக்கத்துக்குப் பக்கம் எண் உண்டு. கிழிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. பம்பர் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து தரம் சோதிக்கும் ஆடிட் வருவதற்கு முந்தின நாள்தான் சூப்பர்வைசர் அதைத் திறந்து பார்த்தார். பிறகு சேரைத் தேடி உட்கார்ந்தார்.

அந்த ஆடிட் எங்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. நாங்கள் இருவருமே கான்ட்ராக்ட். எங்கள் லைனில் ஒரே ஒரு பெர்மனென்ட் இடம் காலியாக இருந்தது, ஆடிட் முடிந்ததும் ஆளை முடிவு செய்வதாகப் பேச்சு. பட்டியலில் அண்ணன் பெயரும் என் பெயரும் இருந்தன. எனக்குக் கிடைத்தால் சந்தோஷம், அவருக்குக் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போச்சு. மண்ணூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலை பார்த்த செல்வி அவருடைய பக்கத்து ஊர். பஸ்ஸில் பழக்கம். அவளிடம் முதல் வார்த்தை பேச எட்டு மாதம் எடுத்துக்கொண்டார் என்பதைச் சொல்லவே வேண்டாம். அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார், பெர்மனென்ட் ஆனதும் வந்து பெண் கேளுங்கள் என்று.

ஆடிட்டர் முன்னால் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு எல்லாக் கம்பெனியிலும் ஒரே வேதம்தான். சூப்பர்வைசர் எங்களை வரிசையில் நிறுத்தி ஓதினார். “கேட்டதுக்கு மட்டும் பதில். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக்கூடாது.” பிறகு அண்ணன் முன்னால் வந்து நின்று, கிட்டத்தட்டக் கெஞ்சினார். “ராஜா, நீ வாயே தொறக்காத. தலைய மட்டும் ஆட்டு.”

வந்தவர் ஒரு அம்மா. கையில் டார்ச், காதில் பேனா. முதல் வேலையாக ரெஜிஸ்டரைத் திறந்தார். ஒரு பக்கம் படித்தார், புரட்டினார், இன்னொரு பக்கம் படித்தார். கூடவே வந்த மேனேஜர் முகத்தில் ரத்தம் இல்லை.

“இதை எழுதினது யாரு?”

அண்ணன் கையைத் தூக்கினார்.

“கூச்ச சுபாவமா?”

அண்ணன் தலையை ஆட்டினார்.

“எங்கே, காட்டுங்க.”

ஒதுக்கி வைத்த பம்பர் ஒன்றைத் தூக்கி வைத்து, இடது பக்கம் குனிந்து காட்டினார். அந்த அம்மாவும் குனிந்தார். நிமிர்ந்தார். நம்பாமல் மறுபடி குனிந்தார். “அட, ஆமா!” என்றார். மேனேஜருக்கு உயிர் வந்தது. சூப்பர்வைசர் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டார். பெர்மனென்ட் அண்ணனுக்குத்தான் என்று நான் அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் புது வித்தை கற்றுக்கொண்ட அந்த அம்மா சும்மா போவாரா? நேராக ஓகே ரேக்குக்குப் போய் ஒவ்வொரு பம்பராக இடது பக்கம் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவதில் ஒரு மீன் கண். ஆறாவதில் இன்னொன்று.

“ஏழாம் நம்பர் ஸ்டாம்ப் யாருது?”

“என்னுதுங்க” என்றேன்.

“ஏன் பாக்கல?”

பதில் எனக்குத் தெரியும். என் மேடைக்கு இடது பக்கத்தில் ஒரு இரும்புத் தூண். குனிந்தால் மண்டையில் இடிக்கும். சேர்ந்த நாளிலிருந்து அதோடு தோள் உரசித்தான் நின்றேன். ஆனால் கம்பெனியின் குறையை வெளியாள் முன்னால் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

“மேடம்” என்று ஒரு குரல். சூப்பர்வைசர் திரும்பிய வேகத்தில் தொப்பி கீழே விழுந்தது.

“அவன் மேல தப்பு இல்ல மேடம். அவன் நிக்க எடத்துல இடப்பக்கம் தூணு கெடக்கு, பாருங்க. எப்படிக் குனிவான்? நாப்பது செகண்டு வேற. கூச்சப்படுறது அதுக்குள்ள வெளிய வருமா? மேடைய அங்கிட்டு நவுத்திப் போட்டு, கொஞ்சம் நேரமும் குடுக்கச் சொல்லுங்க. எந்தம்பி நல்லாப் பாப்பான்.”

அந்த அம்மா காதிலிருந்து பேனாவை எடுத்து எழுதினார். ஆடிட்டர் எழுதிவிட்டால் எழுதினதுதான். ஒரே வாரத்தில் மேடை நகர்ந்தது, நாற்பது செகண்ட் அறுபது ஆனது, லைன் மெதுவானது, மாடி ஆபீஸில் இருந்த மேலதிகாரிகளுக்குச் சூடு ஏறியது. அடுத்த மாதம் பெர்மனென்ட் கடிதம் என் பெயருக்கு வந்தது. அண்ணனின் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை.

சூப்பர்வைசர் அறைக்கே வந்துவிட்டார். “நான் போய்க் கேட்டேன்பா. ஆடிட்டராண்ட வாயத் தொறந்தவன் வேணாம்னுட்டாங்க” என்று சொல்லிவிட்டு, கத்தாமல் போனார். நான் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். “கிறுக்குப்பய. நீ குடுத்தா எனக்கா தரப்போறான்? உள்ள வை” என்றார் அண்ணன். எனக்குள் ஒரு ஓரத்தில் அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

செல்வியிடம் சொல்ல மொட்டை மாடிக்குப் போனார். நான் மாடிப்படியில் நின்று கூச்சமில்லாமல் ஒட்டுக் கேட்டேன்.

“பெர்மனென்ட் இல்ல தாயி... ஆமா, ஆடிட்டர்கிட்டதான்... எல்லாரும் இருக்கையிலதான்...”

இறங்கி வந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“அவ லைன்ல எத்தனையோ ஆடிட்டு வந்திருக்காம். தூணு இருக்குன்னு ஒருத்தன் இதுவர சொன்னதில்லையாம். அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்னுட்டா.”

“என்னன்னு பேசுவாங்களாம்?”

“அவ பெர்மனென்ட் ஆயி ஆறு மாசம் ஆகுதாம்டே! வீட்டுக்கு ஒரு பெர்மனென்ட் போதும்ங்கா.”

“ஆறு மாசமா இது உங்களுக்குத் தெரியாதா?”

“கேக்கணும்னு தோணலையே” என்றார், ஏதோ நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டது போல.

கல்யாணம் சங்கரன்கோவில் பக்கம் நடந்தது. மேடையில் ஏறிக் கை கொடுத்தபோது செல்வியின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்து, “மாப்ள, இது யாரு?” என்று கேட்டார். பெர்மனென்ட் போன கதை முழுக்கத் தெரிந்தவர் அவர்.

“எந்தம்பி, மாமா” என்றார் ஜந்து அண்ணன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்தவன் நான். அந்த மேடையை விட்டு இறங்கும்போது எனக்கு ஒரு அண்ணன் இருந்தார்.