ஒரு சொட்டும் குடிக்காத சோஜு நிபுணர்

கொரியாக்காரர்களின் மதுவகைகளை ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லை வரைக்கும் கரைத்துக் குடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்ததில்லை.

எங்கள் தொழிற்சாலையில் உலை பார்ப்பவர். உள்ளே தெரியும் சிவப்பை வைத்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். மீட்டர் அப்புறம்தான் ஒப்புக்கொள்ளும். அதனால் பெயர் டிகிரி. படிப்பு எட்டாவது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புது உலையை நிறுவக் கொரியாவிலிருந்து கிம் என்ற பெரியவர் வந்தார். இரண்டு மாதம் அவருக்கு வலது கையும் டிகிரி, இடது கையும் டிகிரி. இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் பேச்சு ஓயாது.

உலை ஓடத் தொடங்கியதும், பயிற்சிக்கு ஒரே ஒருவரைக் கொரியாவுக்கு அழைத்துப்போவதாகக் கிம் சொன்னார். யார் என்பது பிரிவுபசார விருந்தில் தெரியுமாம். அது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிரெய்னி இன்ஜினியர் அல்லவா? என் சொந்த ஊரான காவேரிப்பட்டினத்தில் பாதிப் பேருக்குச் சொல்லியும் விட்டேன்.

"விருந்துல தப்பாக் குடிச்சா போச்சு கண்ணு" என்று டிகிரி கேன்டீனில் மோரை வைத்துப் பாடம் எடுத்தார். "மக்கோலின்னா அவங்க அரிசிக் கள்ளு, நம்ம சுண்டக்கஞ்சியாட்டம் வெள்ளையா இருக்கும். பாலுன்னு ஏமாந்துடாத. சோஜு தண்ணியாட்டம் இருக்கும். அதுல இன்னும் ஏமாந்துடாத. பீருல சோஜுவ ஊத்திக் குடுத்தாங்கன்னா, ஷிஃப்ட் இருக்குதுன்னு எந்திரிச்சு ஓடியாந்துரு."

"குடிக்காமலே இதெல்லாம் எப்படிண்ணே தெரியும்?"

"உலைக்குள்ள எறங்கியா டிகிரி சொல்றேன்? கேளு. ரெண்டு கையால வாங்கணும். உங் கிளாஸ்ல நீயே ஊத்திக்கக் கூடாது. பெரியவங்க முன்னாடி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் குடிக்கணும்."

"எங்கப்பா முன்னாடின்னா நான் ஊரையே விட்டுத் திரும்பிக்குவேன்."

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. கொரியாவில் காலிக் கிளாஸைக் கண்டால் நிரப்பியே ஆகவேண்டும். நானோ, இலையில் மிச்சம் வைத்தால் விருந்து வைத்தவருக்கு அவமானம் என்று வளர்ந்தவன். விருந்தில் கிம் மரியாதைக்கு ஊற்றினார். நான் மரியாதைக்குக் காலி செய்தேன். இப்படி ஏழு கிளாஸ். ஏழாவதில், எதிரே கிம், பக்கத்தில் மானேஜர், எந்தப் பெரியவரிடமிருந்து முகத்தைத் திருப்புவது என்று சுற்றிச் சுற்றி, சுவரிலிருந்த காலண்டரிடம் "தேங்க்யூ சார்" என்றேன்.

அப்போது கிம், எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த டிகிரிக்கு ஒரு கிளாஸ் சோஜுவை நீட்டினார். எனக்கே கொஞ்சம் தெளிந்தது. மறுத்தால் பெரியவர் மனம் நோகும். டிகிரி இரண்டு கையாலும் வாங்கினார். முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பினார். கண்மூடித் திறப்பதற்குள் சோஜு என் கிளாஸில் இருந்தது. மிச்சம் வைக்கக் கூடாதே! குடித்துவிட்டேன்.

காலிக் கிளாஸோடு பணிவாகத் திரும்பிய டிகிரியைப் பார்த்துக் கிம் எழுந்தே நின்றுவிட்டார். உலையும் தெரிந்தவர், மரியாதையும் தெரிந்தவர், இவர்தான் கொரியாவுக்கு வருகிறார் என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், இரண்டு கையும் சந்திக்கவில்லை.

மூன்று வாரம் டிகிரியோடு நான் பேசவில்லை. புறப்படும் அன்று மனசு கேட்காமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மனுஷர் முகம் வெளிறி நின்றார்.

"கண்ணு, அங்க எவனாச்சும் ஊத்துனா நான் யாரு பக்கம் திரும்புவேன்?"

"குடிக்கற பழக்கமில்லேன்னு சொல்லிடுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க."

கொரியாவுக்கென்று பெங்களூரில் என் அளவுக்கு வாங்கி வைத்திருந்த ஸ்வெட்டரை அவரிடம் கொடுத்தேன். என்னைவிட ஒரு முழம் உயரமானவர். அங்கேயே போட்டுக்கொண்டார்; ஸ்வெட்டரின் கை அவர் முழங்கையோடு நின்றுவிட்டது. நல்ல மத்தியான வெயில். பஸ் கிளம்பும்வரை அவர் அதைக் கழற்றவேயில்லை.