ஞானப்பல் எடுத்த மறுநாள்

"வாயைத் திறந்தீங்கன்னா தையல் பிரிஞ்சிடும். ரெண்டு நாளைக்குப் பேச்சே கூடாது" என்று பல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஞானப்பல் எடுத்த மறுநாளே மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மகளே விரும்பித் தேர்ந்தெடுத்த பையன். பல் எடுத்துக்கொண்டவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பெண்ணின் அப்பா. முன்பு வந்த ஒரு வரனைக் கெடுத்தது அவருடைய வாய்தான். வாசலில் கார் கோணலாக நிற்கிறது என்று அவர்களை நான்கு முறை எடுத்து நிறுத்த வைத்தார். ஐந்தாவது முறை எடுத்தவர்கள் அப்படியே போய்விட்டார்கள். இதுவும் கெட்டால் மகள் முகத்தில் விழிக்க முடியாது.

"பல்லு விஷயத்தைச் சொல்லிடட்டுமா?" என்று மனைவி காதைக் கடித்தாள்.

வேண்டாம் என்று கையை ஆட்டினார். பல் போன கிழம் என்று நினைத்துவிடுவார்களே!

எதிரே பையனின் அப்பா, தாடி வைத்த தலைமையாசிரியர், வாயே திறக்கவில்லை. தன்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்று அவர் எண்ணிவிடக் கூடாதே என்று இவர் சிரித்து வைத்தார். சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

தலைமையாசிரியரும் ஒரு பக்கமாகவே சிரித்தார்.

இவருக்குச் சுருக்கென்றது. மரியாதைக்கு ஒரு வாய் காபி குடித்தார். சூடு காயத்தில் பட்டுக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஏன் அழறார்? இந்தச் சம்பந்தம் பிடிக்கலையா?" என்றாள் பையனின் அத்தை.

இவர் பதறிப்போய்த் தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டினார்.

"பாருங்க, பிடிக்கலைன்னு சொல்றார்!"

மகளின் முகம் வெளிறியது. அதைப் பார்க்க இவருக்குத் தாங்கவில்லை. வலியில் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். தலைமையாசிரியரும் உடனே தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

என் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு என்னையே கேலி செய்கிறாரா? இவர் துள்ளி எழுந்தார். "ஆ... ஊ..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கை மட்டும் வாசலைக் காட்டியது.

பையனின் அம்மா பாய்ந்து வந்தாள்.

"ஐயோ, கோவிச்சுக்காதீங்க சம்பந்தி! இவருக்கும் நேத்துதான் ஞானப்பல் எடுத்தாங்க. ரெண்டு அப்பாவும் வாயைத் திறந்தா இந்தக் கல்யாணம் நடக்காதுன்னு, உங்க பொண்ணுதான் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல டாக்டர்கிட்ட நேரம் வாங்கினா!"